கலயமும் சிற்பமும்: செராமிக் பயிலத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

செராமிக் பயிற்சியில் புதிதாகச் சேர்பவர்களில் பலர், தாங்கள் கலயம் வனைபவர்களா, சிற்பம் செய்பவர்களா என்பதை முதல் சில வாரங்களுக்குள்ளேயே முடிவு செய்துவிட வேண்டும் என்று எண்ணுகிறார்கள். சக்கரத்தில் உட்கார்ந்தவர் சிற்ப மேசைப் பக்கம் வருவதில்லை. உருவம் செய்யத் தொடங்கியவர் சக்கரத்தைத் தொடுவதில்லை. இந்தப் பிரிவினை தேவையற்றது என்பது என் உறுதியான எண்ணம். கலயமாயினும் சிற்பமாயினும், உள்ளே ஒரு வெற்றிடத்தைச் சூழ்ந்து நிற்கும் மண்சுவரைத்தான் நாம் கட்டுகிறோம். அந்தச் சுவர் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே தடிமனில் இருக்கிறதா, எந்தப் பதத்தில் அதைத் தொட்டோம், எவ்வளவு மெதுவாக அதை உலரவிட்டோம் என்ற மூன்றுமே அது சூளையிலிருந்து முழுதாக வெளிவருமா என்பதைத் தீர்மானிக்கின்றன. எனவே ஓர் உருளைக் கலயத்தையும், உள்ளீடற்ற ஒரு சிறு சிற்பத்தையும், ஒரே மண்ணில், ஒரே காலத்தில், ஒரே சூளைக்காகச் செய்து முடிக்கும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

மண்ணைத் தேர்ந்தெடுத்தல்

பயிலகங்களில் கிடைக்கும் மண்ணைப் பொதுவாக மூன்று வகைகளாகப் பிரிக்கலாம். ஏறத்தாழ 1,000 முதல் 1,150 டிகிரி செல்சியஸ் வரை சுடப்படும் சாதாரணச் சுடுமண், 1,200 முதல் 1,300 டிகிரி வரை சுடப்பட்டு இறுகும் ஸ்டோன்வேர், அதற்கும் மேலான வெப்பத்தைத் தாங்கி வெண்மையாகவும் மெல்லிய இடங்களில் ஒளி ஊடுருவும்படியும் அமையும் பீங்கான் ஆகியவை அவை. பீங்கான் அழகானது, ஆனால் அது நெகிழ்ச்சி குறைந்தது, சுருக்கம் மிகுந்தது, பிழையைப் பொறுக்காதது. தொடக்கக்காரர் அதை ஓராண்டு தள்ளிவைப்பது நல்லது.

கலயத்துக்கும் சிற்பத்துக்கும் ஒரே மண் வேண்டுமென்றால், நுண்ணிய கிராக் கலந்த ஸ்டோன்வேர் மண்ணைத் தேர்ந்தெடுங்கள். கிராக் என்பது ஏற்கெனவே சுட்ட மண்ணை இடித்துச் சலித்த பொடி. அது மீண்டும் சுருங்காது என்பதால் மொத்தச் சுருக்கத்தைக் குறைக்கிறது. துகள்களுக்கிடையே ஈரம் வெளியேற வழி திறந்துவைக்கிறது. தடித்த சுவர் தன் எடையிலேயே சரிந்துவிடாமல் தாங்குகிறது. பருமனான கிராக் பெரிய சிற்பத்துக்கு நல்லது என்றாலும், சக்கரத்தில் அது உள்ளங்கையின் தோலை உரித்துவிடும். ஆகவே நுண்ணிய வகையே இரண்டுக்கும் பொது.

மண் கைக்கு வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, பலரும் தவிர்க்கும் வேலை, சுருக்கச் சோதனை. ஒரு விரல் அகலத்தில் பட்டையான மண்துண்டு ஒன்றைச் செய்து, அதன் மேல் சரியாக 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு கீறிவையுங்கள். உலர்ந்த பின் அந்தக் கோட்டை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இறுதிச் சூட்டுக்குப் பின் மறுபடியும் அளந்து பாருங்கள். கோடு 8.8 சென்டிமீட்டராகக் குறைந்திருந்தால் அந்த மண்ணின் மொத்தச் சுருக்கம் 12 சதவீதம் என்று பொருள். ஸ்டோன்வேர் மண்ணில் 10 முதல் 14 சதவீதம் வரை சுருக்கம் இருப்பது இயல்பே. மூடி, காது, கைப்பிடி, ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய பாகங்கள் ஆகிய எதைச் செய்தாலும் இந்த எண் தேவைப்படும்.

பதம் பார்க்கக் கற்றல்

ஒரு பருவம் முழுவதும் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால், மண்ணின் பதத்தைக் கையால் அறிவதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணிய தட்டையான தகடுகள். அவற்றுக்கிடையே உள்ள மெல்லிய நீர்ப்படலமே ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிச் செல்ல உதவி, மண்ணுக்கு நெகிழ்ச்சியைத் தருகிறது. நீர் ஆவியாக வெளியேறும்போது தகடுகள் நெருங்குகின்றன. அந்த நெருக்கமே சுருக்கம். தகடுகள் ஒன்றையொன்று தொட்டுவிட்ட பிறகு மீதமிருக்கும் ஈரம் வெளியேறினாலும் பொருள் அதிகம் சுருங்குவதில்லை. இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொண்டால், விரிசல் ஏன் வருகிறது, எப்போது வருகிறது என்பதில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

நீர் மிகுந்து கூழாக இருக்கும் நிலையில் மண்ணை ஒட்டுப்பசையாகவும் மேற்பூச்சாகவும் பயன்படுத்துகிறோம்; இதை மண்குழம்பு என்று குறிப்பிடுகிறேன். அடுத்தது பிசையும் பதம்: விரலால் அழுத்தினால் குழி விழும், ஆனால் விரலில் ஒட்டாது. வனைவதும், கிள்ளி எடுப்பதும், திரி உருட்டுவதும் இந்தப் பதத்தில்தான். அதன்பின் வருவது தோல் பதம். இப்போது பொருளைக் கையில் தூக்கினால் வளையாது, நகத்தால் கீறினால் சுத்தமாகக் கோடு விழும், கத்தியால் சீவினால் பிசிறில்லாமல் சுருளாக வரும். சீவுதல், குடைதல், ஒட்டுதல், செதுக்குதல் என நுட்பமான வேலைகள் எல்லாம் தோல் பதத்துக்கு உரியவை. கடைசியாக முழு உலர்நிலை; நிறம் வெளிறி, மிக எளிதில் உடையக்கூடியதாக இருக்கும் இந்த நிலையில் பொருளைத் தூக்கிச் சூளையில் வைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாதீர்கள். பொருள் முழுமையாக உலர்ந்ததா என்று ஐயம் இருந்தால் அதன் அடிப்பகுதியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. இன்னும் நம்பகமான வழி, நாள்தோறும் எடை பார்ப்பது; எடை குறைவது நின்றால் உலர்வும் முடிந்தது.

பிசைதல்

பொதியில் இருந்து எடுத்த மண்ணைக்கூட நேரடியாகப் பயன்படுத்தாமல், உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னோக்கி அழுத்தி, திருப்பி, மீண்டும் அழுத்திப் பிசைய வேண்டும். பிசைந்த கட்டியைக் கம்பியால் குறுக்கே அறுத்துப் பார்த்தால் வெட்டுமுகம் ஒரே சீராக, குழிகளின்றி இருக்க வேண்டும். உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் சூளையில் வெடித்துவிடும் என்று பல இடங்களில் சொல்லக் கேட்பீர்கள். வெடிப்புக்கு உண்மையான காரணம் நீர். 100 டிகிரியில் நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 1,600 மடங்கு பெருகுகிறது. அந்த ஆவி வெளியேற வழியும் நேரமும் இல்லாதபோது சுவரைப் பிளந்துகொண்டு வருகிறது. குமிழி உள்ள மண் முழுமையாக உலர்ந்திருந்தால் பெரும்பாலும் பத்திரமாகவே சுடப்படும். இருந்தாலும் சக்கரத்தில் குமிழி சுவரைத் தடுமாறச் செய்யும் என்பதாலும், மண் முழுவதும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும் என்பதாலும், பிசைவதைக் குறைக்காதீர்கள்.

உருளைக் கலயம்

சக்கரத்தில் மண்ணை மையப்படுத்துவதை எழுத்தால் கற்பிக்க முடியாது. அருகில் நிற்கும் ஆசிரியரின் கையும் உங்கள் உடம்பின் பழக்கமும்தான் அதைக் கற்பிக்கும். ஆகவே, கவனிக்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். 700 கிராம் முதல் 1 கிலோ வரையிலான கட்டியோடு தொடங்குங்கள். அதைவிடச் சிறியது விரல்களுக்குள் அடங்கிவிடுவதால் எதையும் கற்றுத்தராது, பெரியது தோளைச் சோர்வடையச் செய்யும். முழங்கைகளைத் தொடையிலோ இடுப்பிலோ ஊன்றிக்கொள்ளுங்கள், ஏனெனில் மண்ணை மையத்துக்குக் கொண்டுவருவது அசையாமல் நிற்கும் உடம்பே. மையம் கிடைத்த பின் நடுவில் திறந்து, அடியில் 6 முதல் 8 மில்லிமீட்டர் மண் மீதமிருக்கிறதா என்று ஊசியால் குத்தி அளந்து பாருங்கள். பின்பு அடிப்பகுதியை விரலாலோ தட்டையான மரச்சீவுளியாலோ நடுவிலிருந்து வெளியேயும், வெளியிலிருந்து நடுவுக்கும் சில முறை அழுத்தித் தேய்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால் அடியின் நடுவே வளைந்த விரிசல் ஒன்று உலரும்போதோ சூட்டிலோ தோன்றும். அடியில் தேங்கும் நீரைப் பஞ்சால் ஒற்றி எடுக்க மறவாதீர்கள். அந்த விரிசலுக்கு அதுவும் ஒரு காரணம்.

சுவரை உயர்த்தும்போது ஒவ்வொரு இழுப்பும் அடியிலிருந்து விளிம்பு வரை ஒரே வேகத்தில் செல்லட்டும். மூன்று நான்கு இழுப்புகளில் உயரம் வராவிட்டால் மேலும் மேலும் நீர் சேர்த்து இழுப்பதில் பயனில்லை. மண் களைத்துத் தொய்ந்துவிடும். தொடக்க காலத்தில் வனைந்த உருளைகளில் பலவற்றைக் கம்பியால் மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்து, வெட்டுமுகத்தைப் பாருங்கள். அடியில் மண் முடங்கிக் கிடக்கிறதா, நடுவில் சுவர் மெலிந்திருக்கிறதா என்பதை வேறு எந்த வழியும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. நன்றாக வந்ததாகத் தோன்றும் கலயத்தைப் பிளக்க மனம் வராது என்பது உண்மைதான். ஆயினும் வனைதலில் முன்னேற்றம் வேண்டுமென்றால் இதைவிடச் சிறந்த பயிற்சியை நான் அறியேன்.

வைத்துக்கொள்ளத் தேர்ந்த கலயம் தோல் பதத்துக்கு வந்ததும் கவிழ்த்து மையப்படுத்தி, மிகுதி மண்ணை வளையக் கத்தியால் சீவி அடிவளையம் எடுங்கள். சீவுவதற்கு முன் உட்புறத்தின் ஆழத்தையும் வளைவையும் பார்த்து மனத்தில் இருத்திக்கொண்டால் அடியில் துளை விழாது. கைப்பிடி ஒட்ட வேண்டுமென்றால் கலயமும் கைப்பிடியும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். ஒட்டும் இரண்டு பரப்புகளையும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதே மண்ணின் குழம்பைத் தடவி, குழம்பு பிதுங்கி வரும்வரை அழுத்தி, ஒரு மெல்லிய திரியை மூலையில் வைத்து வழித்துவிட்டு, ஒரு நாள் முழுவதும் பிளாஸ்டிக் தாளில் மூடிவைத்தால் இரண்டின் ஈரமும் சமமாகிவிடும்.

சிற்பம்

சக்கரத்தை விட்டு மேசைக்கு வரும்போது, மனிதன் சுட்ட மண்ணில் கலயத்துக்கு முன்பே உருவத்தைச் செய்திருக்கிறான் என்பதை நினைத்துப் பார்க்கலாம். இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் உள்ள டோல்னி வெஸ்டோனிட்சே என்ற இடத்தில் 1925இல் கண்டெடுக்கப்பட்ட பெண் உருவம் சுமார் 11 சென்டிமீட்டர் உயரமுள்ள சுடுமண் சிற்பம்; அது 25,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அறியப்பட்ட மிகப் பழைய கலய ஓடுகள், சீனாவின் சியான்ரென்டாங் குகையில் கிடைத்தவை, ஏறத்தாழ 20,000 ஆண்டுகள் பழமையானவை. அந்தப் பெண் உருவம் உள்ளங்கை அளவே ஆனது என்பதால் உள்ளே குடையாமலேயே சுட முடிந்தது. நீங்கள் செய்யவிருக்கும் 25 அல்லது 30 சென்டிமீட்டர் உயரமுள்ள தலைக்கோ விலங்குக்கோ அது பொருந்தாது. எந்த இடத்திலும் சுவரின் தடிமன் 1 முதல் 1.5 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது.

முதலில் 8 அல்லது 10 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மாதிரி உருவத்தைச் செய்யுங்கள். இதில் கண், மூக்கு போன்ற நுணுக்கங்கள் வேண்டாம். எடை எங்கே விழுகிறது, தலை எந்தப் பக்கம் சாய்கிறது, எல்லாத் திசைகளிலிருந்தும் பார்க்கும்போது வெளிவரை எப்படி மாறுகிறது என்பதை மட்டும் அது சொல்லட்டும். மாணவர் சிற்பங்களில் மிகப் பல முன்பக்கத்தில் மட்டுமே உயிரோடு இருப்பதற்குக் காரணம், மாதிரியைச் சுற்றிப் பார்க்காமல் பெரிய உருவத்தைத் தொடங்குவதுதான். சுழலும் மேசைத்தட்டு ஒன்றின் மேல் வேலை செய்வது இந்தக் குறையை வெகுவாகக் குறைக்கும்.

பெரிய உருவத்தை இரண்டு வழிகளில் கட்டலாம். முதல் வழி, தொடக்கத்திலிருந்தே உள்ளீடற்றதாகத் திரிகளால் எழுப்புவது. கட்டைவிரல் பருமனுள்ள திரிகளை உருட்டி, ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றி, உள்ளும் புறமும் வழித்து இணைத்து, 5 முதல் 8 சென்டிமீட்டர் உயர்ந்ததும் நிறுத்த வேண்டும். கீழ்ப்பகுதி சற்று இறுகிய பிறகே அடுத்த அடுக்கைத் தொடங்கலாம். அதுவரை மேல் விளிம்பை மட்டும் ஈரத் துணியால் மூடிவைத்தால் அது ஒட்டும் பதத்திலேயே இருக்கும். வயிறு, தோள் போன்ற புடைப்புகளை உள்ளிருந்து விரலால் மெல்லத் தள்ளி உருவாக்குங்கள். வெளியே மண்ணை அப்பி உருவாக்கும் புடைப்பைவிட, உள்ளிருந்து தள்ளப்பட்ட புடைப்புக்கு ஓர் இறுக்கம் இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது உடனே தெரியும்.

இரண்டாவது வழி, உருவத்தைத் திண்மமாகச் செய்து முடித்து, பிறகு அறுத்துக் குடைவது. முகச்சாயல் முக்கியமாக உள்ள தலைச்சிற்பத்துக்கு இது ஏற்றது, ஏனெனில் மண்ணைக் கூட்டவும் குறைக்கவும் முழு உரிமை இருக்கிறது. மண் தோல் பதத்துக்கு வந்ததும், கம்பியால் ஒரு காதின் பின்புறத்திலிருந்து உச்சி வழியாக மறு காதின் பின்புறம் வரை அறுத்தெடுங்கள். வெட்டுக்கோடு முகத்தின் வழியாகப் போகக்கூடாது. அறுப்பதற்கு முன் கோட்டின் குறுக்கே இரண்டு மூன்று இடங்களில் சிறு கீறல்களை இட்டுவைத்தால் பாகங்களைத் திரும்பச் சேர்க்கும்போது இடம் தப்பாது. வளையக் கத்தியால் உட்புறத்தைச் சுரண்டி, ஊசியால் அங்கங்கே குத்தித் தடிமனை அளந்து, கீறிக் குழம்பு தடவி மூடி, இணைப்பை மரத்துண்டால் தட்டி இறுக்குங்கள். மூக்கு, மோவாய், கழுத்து ஆகிய இடங்களின் பின்புறத்தில் மண் கட்டியாக நின்றுவிடுவது வழக்கம். அங்கே இரண்டாம் முறையும் பாருங்கள்.

உள்ளே உலோகக் கம்பி நிற்கும்படி ஒருபோதும் சிற்பத்தை உலரவிடாதீர்கள். மண் சுருங்கும், கம்பி சுருங்காது, விரிசல் உறுதி. தாங்கல் வேண்டுமென்றால் செய்தித்தாளைக் கசக்கி உருண்டையாக்கி அதன் மேல் மண்தகடுகளைப் போர்த்தலாம், அது சூளையில் எரிந்து போகும். புகை வரும் என்பதால் சூளைக்குப் பொறுப்பானவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீட்டிய கைக்கும் வளைந்த கழுத்துக்கும் வெளியிலிருந்து முட்டுக் கொடுக்க நேர்ந்தால், அந்த முட்டுகளை அதே மண்ணில் செய்து இடையில் காகிதம் வையுங்கள். அப்போதுதான் உருவமும் முட்டும் ஒன்றாகச் சுருங்கும். மூடிய வெற்றிடம் ஒவ்வொன்றுக்கும், கொம்புக்குள்ளும் காலுக்குள்ளும் கூட, ஊசி பருமனில் ஒரு துளை வெளியே திறந்திருக்க வேண்டும்.

உலர்த்துதல்

பொறுமையின்மை அதிகம் சேதப்படுத்தும் கட்டம் இது. பொருள் மெதுவாக உலர வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அதைவிட முக்கியமானது, எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் உலர வேண்டும் என்பது. விளிம்பு, கைப்பிடி, காது, விரல் நுனி ஆகியவை முதலில் உலர்ந்து சுருங்கி இறுகிவிடுகின்றன. தடித்த அடிப்பகுதி பின்னால் சுருங்க முயலும்போது, ஏற்கெனவே இறுகிவிட்ட பகுதி அதற்கு இடம் கொடுப்பதில்லை. இணைப்பு அங்கேதான் பிளக்கிறது. எனவே மெல்லிய பகுதிகளைத் தனியாகப் பிளாஸ்டிக் துண்டுகளால் சுற்றி, தடித்த பகுதிகளைத் திறந்துவையுங்கள். கலயத்தைத் தோல் பதத்தில் கவிழ்த்துவைத்தால் விளிம்பு மூடப்பட்டு அடி காற்றில் உலரும். மின்விசிறிக்கு நேரேயும், ஒரு பக்கம் மட்டும் வெயில் படும் இடத்திலும் எதையும் வைக்காதீர்கள்.

சிற்பத்தை வெறும் பலகையில் வைக்காமல் இரண்டு மூன்று மடிப்புச் செய்தித்தாளின் மேலோ, மெல்லியதாகப் பரப்பிய கிராக் பொடியின் மேலோ வைத்தால், அடி சுருங்கும்போது பலகையில் ஒட்டி இழுபடாமல் நகர்ந்துகொள்ளும். மேலே சுற்றும் பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் நீர்த்துளிகள் திரண்டு பொருளின் மேல் சொட்டும். அதைத் தடுக்க இடையில் ஒரு செய்தித்தாளைப் போர்த்தி, நாள்தோறும் மாற்றுங்கள். ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள சிற்பத்துக்கு இரண்டு வாரம், ஈரமான காலநிலையில் மூன்று வாரம் ஒதுக்குவது நியாயமான கணக்கு. மதிப்பீட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, இந்த வாரங்களைக் கழித்து, அதற்கு முன்பே உருவம் முடிந்திருக்கும்படி திட்டமிடுங்கள்.

முதல் சூடு

பிஸ்க் எனப்படும் முதல் சூடு பெரும்பாலும் 1,000 டிகிரியை ஒட்டி முடிகிறது. அதன் தொடக்கமே ஆபத்தான பகுதி. தடித்த சிற்பங்கள் உள்ள சூளையை 80 அல்லது 90 டிகிரியில் பல மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு முழுவதும், நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் ஈரம் கொதிக்காமலே வெளியேறிவிடும். பின் 450 முதல் 600 டிகிரி வரையிலான இடைவெளியில், களிமண்ணின் மூலக்கூறோடு பிணைந்திருந்த நீர் பிரிகிறது. தூய கயோலின் மண்ணில் இந்த நீர் எடையில் ஏறத்தாழ 14 சதவீதம். அது போன பிறகு அந்தப் பொருளை நீரில் ஊறவைத்து மறுபடியும் மண்ணாக்க முடியாது. இதே இடைவெளியில், 573 டிகிரியில், மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென விரிகிறது. ஆறும்போது அதே புள்ளியில் திரும்பச் சுருங்குகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் இந்த எல்லையை மெதுவாகக் கடக்க வேண்டும் என்பதும், ஆசை மிகுந்து சூடான சூளையைத் திறக்கக்கூடாது என்பதும் இதனால்தான். 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை காத்திருங்கள்.

வெப்பமானி காட்டும் எண்ணோடு, சூளைக்குள் வைக்கப்படும், சூட்டில் மென்மையாகி வளையும் கூம்புகளையும் பார்க்கப் பழகுங்கள். ஹெர்மன் சேகர் 1886இல் ஜெர்மனியில் உருவாக்கிய இந்தச் சிறு கூம்புகளும், 1896இல் அமெரிக்காவில் எட்வர்ட் ஆர்ட்டன் வெளியிட்ட அதே வகைக் கூம்புகளும், வெப்பத்தையும் அது நீடித்த நேரத்தையும் சேர்த்து அளக்கின்றன. மண்ணும், அதன் மேல் பூசும் கண்ணாடிப் பூச்சான கிளேஸும் முதிர்வதும் இவ்விரண்டாலும்தான். எண்களைப் படிப்பதில் தொடக்கக்காரர்கள் தவறுவது ஓரிடத்தில்: ஆர்ட்டன் கூம்பு 06 என்பது சுமார் 1,000 டிகிரி, கூம்பு 6 என்பது சுமார் 1,220 டிகிரி. முன்னால் உள்ள சுழியத்தைக் கவனிக்காமல் ஏற்றினால், குறைந்த வெப்பத்துக்குரிய மண் உருகி, சூளைத் தட்டையும் பக்கத்தில் இருப்பவருடைய வேலையையும் பாழாக்கிவிடும்.

மேற்பரப்பும் இரண்டாம் சூடும்

கிளேஸ் என்பது கலயத்தின் மேல் உருகிப் படியும் ஒரு கண்ணாடி. சிலிக்கா அந்தக் கண்ணாடியை உருவாக்குகிறது. அலுமினா அது வழிந்தோடாமல் பிடித்துவைக்கிறது. பெல்ட்ஸ்பார், சுண்ணாம்புக் கார்பனேட் போன்றவற்றில் உள்ள உருக்கிகள் சிலிக்காவை எட்டக்கூடிய வெப்பத்தில் உருகவைக்கின்றன. இரும்பு, செம்பு, கோபால்ட் ஆகியவற்றின் சேர்மங்கள் நிறம் தருகின்றன. சோதனை செய்து பார்க்காத கிளேஸை எந்தப் பொருளிலும் பூசாதீர்கள். உங்கள் மண்ணிலேயே செங்குத்தாக நிற்கும் சிறு வில்லைகளைச் செய்து, ஒரு முறை, இரு முறை, மும்முறை தோய்த்த பட்டைகளைத் தனித்தனியாகக் காட்டும்படி பூசிச் சுட்டுவையுங்கள். படுக்கவைத்துச் சுட்ட வில்லை, கிளேஸ் எவ்வளவு ஓடும் என்பதைக் காட்டாது.

பூசுவதற்கு முன் பொருளை ஈரப் பஞ்சால் துடைத்துத் தூசியையும் விரல் எண்ணெயையும் நீக்க வேண்டும். இல்லையெனில் கிளேஸ் அங்கே விலகித் திட்டுத்திட்டாகச் சுருளும். அடிவளையத்திலும் அதற்கு மேல் 3 முதல் 5 மில்லிமீட்டர் வரையிலும் மெழுகு தடவி, கிளேஸை நன்றாகக் கலக்கி, எண்ணி மூன்று நொடி தோய்த்தெடுப்பது ஒரு நல்ல தொடக்கம். குழம்பின் அடர்த்தியை அளக்க 100 மில்லிலிட்டரை எடை போடுங்கள். பல தோய்ப்புக் கிளேஸ்களில் அது 140 முதல் 150 கிராம் வரை இருக்கும். உண்ணவும் பருகவும் பயன்படும் கலயத்தின் உட்புறத்துக்கு ஈயமோ காட்மியமோ இல்லாத, உங்கள் மண்ணோடு விரிசல்கோடு இல்லாமல் பொருந்துகிற கிளேஸை மட்டுமே தேர்ந்தெடுங்கள். கூறுகள் தெரியாத பழைய டப்பாவை அதற்குத் தொடாதீர்கள்.

சிற்பத்துக்குக் கிளேஸ் தேவையா என்பதில் எனக்கு ஒரு சார்பு உண்டு. பளபளக்கும் பூச்சு ஒளியைத் தெறிக்கவிட்டு, நீங்கள் வாரக்கணக்கில் செதுக்கிய மென்மையான மேடுபள்ளங்களை மறைத்துவிடுகிறது. இரும்பு ஆக்சைடை நீரில் கலந்து மேற்பரப்பெங்கும் தடவி, மேடான இடங்களில் மட்டும் ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். பள்ளங்களில் கருமை தங்கி, உருவம் தன் வடிவத்தாலேயே பேசும். அல்லது தோல் பதத்திலேயே வண்ண மண்குழம்பைப் பூசி, வழவழப்பான கூழாங்கல்லாலோ கரண்டியின் புறத்தாலோ தேய்த்து மெருகேற்றலாம். கென்யாவில் 1950இல் பிறந்த மக்டலீன் ஒடுண்டோவின் கலயங்களைப் படங்களிலாவது பாருங்கள். சக்கரமின்றிக் கையால் எழுப்பப்பட்டு, மண்குழம்பு பூசித் தேய்த்து மெருகேற்றப்பட்டு, காற்றோட்டமான சூட்டில் செம்மையும் காற்றை அடைத்த சூட்டில் கருமையும் பெற்ற அவற்றில் கிளேஸ் கிடையாது. கழுத்தும் தோளும் வயிறும் மனித உடலை நினைவூட்டும் அந்தக் கலயங்களின் முன் நின்றால், கலயத்துக்கும் சிற்பத்துக்கும் நடுவே கோடு போட யாருக்கும் மனம் வராது.

இரண்டாம் சூட்டில் பொருள்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது. உருகிய கிளேஸ் இரண்டையும் நிரந்தரமாக ஒட்டிவிடும். பிஸ்க் சூட்டில் அடுக்கிவைக்கலாம் என்ற சலுகை இங்கே இல்லை.

தூசியும் குறிப்பேடும்

களிமண்ணிலும் கிளேஸ் பொடியிலும் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அதை மூச்சில் இழுத்தால் சிலிக்கோசிஸ் என்னும் ஆற்ற முடியாத நுரையீரல் நோய் வரும். பட்டறையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரப் பஞ்சாலும் ஈரத் துணியாலும் துடையுங்கள். உலர்ந்த பொருளை உப்புத்தாளால் தேய்க்காமல், தோல் பதத்திலேயே வழவழப்பாக்கிவிடுங்கள். பொடிகளைக் கலக்கும்போது துகள் தடுக்கும் முகக்கவசம் அணியுங்கள், மண் படிந்த மேலாடையை வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். சூளை எரியும் அறையில் காற்றோட்டம் இருக்க வேண்டும். மேலும், பிளாஸ்டர் அச்சிலிருந்து உதிரும் துண்டு மண்ணில் கலந்துவிட்டால், சுட்ட பிறகு அது ஈரத்தை உறிஞ்சி விரிந்து மேற்பரப்பைத் தெறிக்கச் செய்யும். அச்சருகே கிடந்த மண்ணை மறுபயன்பாட்டுத் தொட்டியில் போடாதீர்கள்.

ஒவ்வொரு பொருளின் அடியிலும் ஓர் எண்ணைக் கீறி, அதே எண்ணின் கீழ் குறிப்பேட்டில் மண்ணின் வகை, எடை, சுவரின் தடிமன், உலர்ந்த நாட்கள், கூம்பு எண், கிளேஸ், சூளைக்குள் எந்தத் தட்டில் இருந்தது ஆகியவற்றை எழுதுங்கள். விரிசல் விட்டதையும் எழுதி, விரிசலைப் படமெடுத்து ஒட்டுங்கள். விளிம்பில் தொடங்கிய விரிசல் உலர்த்தலின் தவறு, அடியின் நடுவில் உள்ளது வனைதலின் தவறு, கூர்மையான ஓரங்களுடன் நீண்டு பிளந்தது பெரும்பாலும் வேகமாக ஆறியதன் தவறு என்று சில மாதங்களில் உங்களால் பிரித்துச் சொல்ல முடியும். மதிப்பீட்டுக்கு வேலைகளைத் தேர்ந்தெடுக்கும்போது கலயங்களைத் தனி மேசையிலும் சிற்பங்களைத் தனி மேசையிலும் பிரிக்காமல், ஒரே மண்ணிலும் ஒரே வடிவச் சிந்தனையிலும் பிறந்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆசிரியருடன் நடக்கும் உரையாடல் அதிலிருந்து வளரும்.

இந்தக் கலயமும் சிற்பமும் முடிந்த பின் எடுத்துக்கொள்ளத் தகுந்த அடுத்த வேலை, வனைந்த பாகங்களை இணைத்துச் சிற்பமாக்குவது. 1946இல் லண்டனில் செராமிக் கலைஞர் லூசி ரீயின் பட்டறையில் சேர்ந்த ஹான்ஸ் கோப்பர், சக்கரத்தில் தனித்தனியாக வனைந்த வடிவங்களை வெட்டி, நசுக்கி, ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்திப் பெரும் வடிவங்களை எழுப்பினார். அதே முறையில் வெவ்வேறு அகலமுள்ள மூன்று உருளைகளையும் ஒரு கிண்ணத்தையும் ஒரே நாளில் வனைந்து, எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக்கின் கீழ் வைத்து ஒரே தோல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒட்டுவதற்கு முன் அவற்றை உலர்ந்த நிலையில் அல்ல, அந்தப் பதத்திலேயே, குழம்பின்றி ஒன்றன் மேல் ஒன்று நிறுத்தி, மாற்றி, சாய்த்து, நீள்வட்டமாக அமுக்கிப் பாருங்கள். பிடித்த அடுக்கைப் படமெடுத்து, இணையும் விளிம்புகளில் ஊசியால் குறியிட்டு, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகக் கீறி ஒட்டுங்கள்; கீழ்ப் பாகத்தின் மேற்புறம் மூடியிருந்தால் ஒட்டும் முன்பே அதில் ஆவித் துளையைப் போட்டுவிடுங்கள்.